ஸ்டார்ட்டர் வயரிங் தெரிந்தவருக்கு புரோகிராம் வருமா?

கேள்வி: சார், குலசேகரத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வயது 43. மாடித் தொட்டி காலியானால் மோட்டார் ஓடவும், நிறைந்தால் நிற்கவும் மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் எழுதி இயக்கும் சிறு சிப்) வைத்து நானே செய்ய ஆசை. 8051, ஆர்டுயினோ, இஎஸ்பி32 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்க? இந்த வயதில் கோடிங் வருமா?

பதில்: வரும். நீங்கள் பாதி வழி வந்தாயிற்று.

டிஓஎல் ஸ்டார்ட்டரில் (மோட்டாரை நேரே லைனில் சேர்ப்பது) பச்சை பட்டனை அழுத்திவிட்டுக் கையை எடுக்கிறீர்கள், மோட்டார் நிற்பதில்லை. உள்ளே இருக்கும் கான்டாக்டர், அதாவது காயில் இழுத்து மூடும் பெரிய சுவிட்ச், இழுத்ததும் ஹோல்டிங் கான்டாக்ட் மூடி, காயிலுக்கு சப்ளையைப் பிடித்து வைக்கிறது. ‘ஸ்டார்ட் கொடுத்தாச்சு’ என்பதை அந்தக் கான்டாக்ட்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. புரோகிராமில் அந்த வேலை வேரியபிளுக்கு, அதாவது ஒரு மதிப்பை ஞாபகம் வைக்கும் பெயரிட்ட இடத்துக்கு. ‘ஓடுது’ என்று ஒரு வேரியபிள் வையுங்கள். தொட்டியில் மேலே ஒன்று, கீழே ஒன்று ஃப்ளோட் (தண்ணீர் மட்டத்தோடு ஏறி இறங்கும் சுவிட்ச்) இருக்கும். மேல் ஃப்ளோட் நிறைந்தது என்றால் ‘ஓடுது’ பொய். அப்படி இல்லாமல் கீழ் ஃப்ளோட் காலி என்றால் ‘ஓடுது’ உண்மை. தண்ணீர் நடுவில் நின்றால் எதையும் தொடாதீர்கள். பழைய நிலையே தொடரும். கரன்ட் போய் வந்தால் வேரியபிள் பொய்யிலிருந்து தொடங்கும், ஸ்டார்ட்டர் விழுந்துவிடுவதுபோலவே. இதை முதலில் தமிழில் தாளில் எழுதுங்கள். பிறகு தேவைப்படும் ஆங்கிலச் சொற்கள் இஃப், எல்ஸ், டிஜிட்டல்ரீட் என்று கொஞ்சம்தான்.

போர்டு ஆர்டுயினோ உனோ ஆர்3 போதும். 1980இல் இன்டெல் கொண்டுவந்த 8051 நல்ல சிப்தான், ஆனால் சிப்பில் புரோகிராமை ஏற்ற பெரும்பாலும் புரோகிராமர் என்ற தனிக் கருவி வேண்டியிருக்கும். இஎஸ்பி32 3.3 வோல்ட்டில் ஓடுவது. 5 வோல்ட்டை அதன் இன்புட் பின்னில் (சிக்னல் வயர் சேரும் கால்) கொடுத்தால் கெட்டுப்போகலாம். உனோ ஆர்3-இல் புரோகிராமுக்கு 32 கேபி, வேரியபிள்களுக்கு 2 கேபி. உங்கள் வேலைக்கு அது தாராளம். சாக்கெட்டில் சிப் உட்கார்ந்திருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சிப் கருகினால் அதை மட்டும் மாற்றலாம், பழுதுபார்க்கிற கைக்கு அது பெரிய வசதி. சென்சார் நிறைந்த பெரிய கிட் எதுவும் இப்போது வேண்டாம். யூஎஸ்பி கேபிள் மட்டும் டேட்டா போகிறதா என்று பார்த்து எடுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் போர்டு கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் குழம்புகிற இடம் இன்புட் பின். எதிலும் சேராத பின் ‘ஆஃப்’ என்று படிக்காது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே வாசிப்பு மாறும். அதனால் இன்புட்_புல்அப் கொடுங்கள். சிப்புக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் ரெசிஸ்டர் பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும். சுவிட்ச் மூடினால் கிரவுண்டுக்கு இறங்கும். மாடியிலிருந்து மோட்டார் ஷெட்வரை வயர் நீளம், பக்கத்திலேயே 230 வோல்ட் லைன் வேறு. அதற்கு அந்த இழுப்பு பலவீனம். வெளியே பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேருங்கள்.

ஸ்டாப் பட்டன் ஏன் நார்மலி குளோஸ்டு (அழுத்தாதபோது மூடியிருப்பது)? வயர் அறுந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்பதற்காக. மேல் ஃப்ளோட்டையும் அப்படியே எடுங்கள்: நிறைந்தால் திறக்கட்டும். கீழ் ஃப்ளோட் காலியானால் மூடட்டும். எலி கடித்து எந்த வயர் போனாலும் மோட்டார் தானாகக் கிளம்பாது.

முதல் மாதம் மேசையில் இரண்டு பட்டன், 220 ஓம் ரெசிஸ்டர் சேர்த்த ஒரு எல்இடி மட்டும். அது பிசகாமல் நடந்த பிறகு ரிலே, அதாவது சிறு கரன்ட்டில் இயங்கும் சுவிட்ச். போர்டின் ஒரு பின் 20 மில்லிஆம்பியர்தான் தாராளமாகத் தரும். ரிலே காயில் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். எனவே டிரான்சிஸ்டர் உள்ள ரிலே மாட்யூல் வாங்குங்கள். ரிலே கான்டாக்டர் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரை நேரே தொட வேண்டாம். மோட்டார் அதிகக் கரன்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயைக் கழற்றவே கூடாது.

உங்கள் மலையோரத்தில் ஐப்பசி இடி எப்படி என்று உங்களுக்கே தெரியும். மாடி வயரை போர்டில் பற்றவைக்காமல் கனெக்டரில் சேருங்கள். மேகம் கறுக்கும்போதே, இடி தொடங்குமுன், உருவி வைத்துவிடலாம்.