தற்செயல் என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,
அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஏற்றுகிறார்கள். அது தற்செயலாகக் கிடைத்த மருந்து என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. ருத்தேனியம் என்ற உலோகத்தில் சாதுவான மருந்துகள் வருகிறதாமே, காத்திருக்கலாமா? கூடவே தெரிந்தவர் தந்த சித்த மருந்துப் பொடி, செந்தூரமும் கொடுக்கிறோம்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

காத்திருக்க வேண்டாம். ருத்தேனியம் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. செந்தூரத்தை இன்றே நிறுத்தி, டப்பாவோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் படுத்தும் என்றுதான் பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றுகிறார்கள். அதன்மேல் என்னவென்றே தெரியாத பொடியைக் கொட்டுவதா? படித்த பெண் செய்கிற காரியமா இது?

சரி, அந்தத் 'தற்செயல்' என்ற சொல்லுக்கு வருகிறேன். 1960களில் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் ஈ.கோலை பாக்டீரியா வளரும் திரவத்தில் மின்சாரம் பாய்ச்சினார். பாக்டீரியா சாகவில்லை. இரண்டாகப் பிரியாமல் நூல் நூலாக, 300 மடங்குவரை நீண்டது. மின்சாரத்தின் வேலை என்று எழுதிவிட்டு அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். எதற்கும் கரையாது என்று நம்பிப் போட்ட பிளாட்டினம் மின்வாய்தான் துளித்துளியாகக் கரைந்து, திரவத்திலிருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்திருந்தது. அதிலும் இரண்டு குளோரினும் ஒரே பக்கம் இருக்கிற வடிவம்தான் வேலை செய்தது. எதிரெதிராக இருந்தால் இல்லை. வேலை செய்த அந்த வடிவம்தான் சிஸ்பிளாட்டின். அந்த உப்பு 1840களிலேயே பெய்ரோனே என்ற இத்தாலியர் தயாரித்தது. நூறு வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தது. பாக்டீரியா பிரிவதைத் தடுப்பது புற்றணுவையும் தடுக்குமா என்று எலியில் பார்த்து, 1978-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது வரைக்கும் எத்தனை பேருடைய பிடிவாதம்! இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஏனென்றால் என் அண்ணன் அதனால்தான் உயிரோடு இருக்கிறார். விரைப்பைப் புற்றுநோய், நுரையீரல் வரை பரவியிருந்தது. ஏற்றிய அன்றெல்லாம் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எல்லாம் முடிந்து ஊருக்கு வந்தபின் ஒரு ராத்திரி திண்ணையில் கேட்டார், "ஏன்டா, இப்பல்லாம் சில்வண்டு கத்துறதே இல்லையே?"

தோட்டம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் காதில் இரைச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டார்கள். இருந்தால் அடுத்த பாட்டில் ஏற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.