கார் தூக்கும் கை, இருட்டில் பார்க்கும் கண்: கேள்வி பதில்

செயற்கைக் கை, கால் பொருத்துவது என் தொழில். அறிவியல் புனைகதை எழுதும் நண்பர்கள் சிலர், தங்கள் கதையில் வரும் இயந்திர உறுப்புகளில் எது நடக்கும், எது நடக்காது என்று கேட்டிருந்தார்கள். வந்த கேள்விகளில் சில இங்கே.

மேடம், என் நாயகனுக்கு ஒரு கை மட்டும் இயந்திரக் கை. ஒற்றைக் கையால் காரைத் தூக்குகிறான். அவ்வளவு பலமான மோட்டார் சாத்தியமா?

மோட்டார் கிடைக்கும், தோள்தான் தாங்காது. 1,000 கிலோ காரைக் கை தூக்கினால், அந்த எடை தோள், முதுகெலும்பு, இடுப்பு, முழங்கால் என்று வழிநெடுக இறங்கித் தரைக்குப் போக வேண்டும். உங்கள் நாயகனுக்கு அதெல்லாம் சதையும் எலும்பும்தானே? கையை உடம்போடு எலும்பு வழியாக இணைப்பது விரல் தடிமனுள்ள காறை எலும்பு ஒன்றுதான். சைக்கிளிலிருந்து விழுந்தாலே உடைகிற எலும்பு அது. கார் அசையுமுன் தோள் கழன்றுவிடும்.

இதைவிட நம்பும்படியான ஒரு வழி சொல்கிறேன். முன்கையை மடக்கும் தசை, முழங்கை மூட்டிலிருந்து 4, 5 செ.மீ. தள்ளித்தான் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கையோ 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதனால் முன்கையை நீட்டி 10 கிலோ அரிசிப் பையைப் பிடித்தால், தசை 70, 80 கிலோ அளவுக்கு இழுக்கிறது. நெம்புகோலைத் தப்பான பக்கம் பிடித்த மாதிரி. பதிலுக்கு நமக்குக் கிடைத்தது வேகம். தசை ஒட்டும் இடத்தை 2 செ.மீ. வெளியே தள்ளி வைத்ததாக எழுதுங்கள். மோட்டாரே இல்லாமல் பலம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், வீச்சு அந்த அளவுக்கு மந்தமாகும். மூட்டைகூடத் தூக்குவான், ஆனால் பந்து எறியத் தடுமாறுவான். எனக்கு அந்த ஆளைத்தான் பிடிக்கிறது.

நரம்புக்குப் பதிலாக ஒயர் போட்டால் அனிச்சைச் செயல் மின்னல் வேகமாகுமே, அக்கா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம் தம்பி. வேகமான நரம்பில் செய்தி நொடிக்குச் சுமார் 100 மீட்டர் ஓடும். மூளையிலிருந்து விரல் நுனிக்கு ஒரு மீட்டர் என்றால் 10 மில்லி நொடி ஆயிற்று. ஆனால் விளக்கு எரிவதைப் பார்த்து பட்டனை அமுக்க 200 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. மிச்ச நேரத்தில் பெரும்பங்கு கண்ணுக்குள்ளும் மூளைக்குள்ளும் போகிறது. ஒயர் போட்டு மிச்சம் பிடிப்பது அந்தப் பத்தில் கொஞ்சம்தான்.

நிஜமாகவே வேகம் வேண்டுமானால் மூளையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கேமரா பார்க்கும், சிப் முடிவெடுக்கும், கை பாயும். அப்புறம்தான் யாரை அடித்தோம் என்பதே அவனுக்குத் தெரியவரும். கதை அங்கே இருக்கிறது.

இருட்டில் பார்க்கும் கண்?

டிவி ரிமோட்டை போனின் செல்ஃபி கேமரா முன் நீட்டி ஒரு பட்டனை அமுக்குங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒளி, பெரும்பாலான போன்களில் திரையில் மினுக்கும். அதுதான் அண்மை அகச்சிவப்பு. சாதாரணக் கேமரா சில்லே அதைப் பார்த்துவிடும், எனவே கண்ணுக்குள் வைத்ததாக எழுதலாம்.

மனித உடம்பின் சூட்டைப் பார்ப்பது வேறு விஷயம். அந்தக் கதிரின் அலைநீளம் சுமார் 10 மைக்ரான். கண்ணாடியும் தண்ணீரும் அதை விழுங்கிவிடும். கண்ணே தண்ணீர்ப் பை, அதுவும் வெதுவெதுப்பான பை. உள்ளே உணரியை வைத்தால் தன் சூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே அந்தக் கதிரை உள்ளே விடும் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்த லென்ஸோடு வெளியேதான் வைக்க வேண்டும், உதாரணமாக நெற்றியில். நெற்றிக்கண்ணுக்கு இப்படி ஓர் அறிவியல் காரணம் கிடைக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

பார்த்ததை மூளைக்கு அனுப்புவதுதான் இன்னும் பெரிய சிக்கல். பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் உண்டு. 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவியில் இருந்தவை 60 மின்முனைகள். அதைப் பொருத்திக்கொண்டவர்களுக்குக் கதவின் விளிம்பும் வெளிச்சப் புள்ளிகளும் தெரிந்தன, முகம் தெரியவில்லை. சில ஆண்டுகளில் தயாரித்த நிறுவனம் அதைக் கைவிட்டது. கருவி கண்ணுக்குள், பழுது பார்க்க ஆள் இல்லை. எதிர்காலக் கதை எழுத இதைவிடப் பயங்கரமான கரு வேண்டுமா?

பேட்டரி?

இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் மிகக் குறைந்த மின்சாரத்தில் துடிப்பதால்தான் வருடக்கணக்கில் ஓடுகிறது. மோட்டார் வைத்த கையை ராத்திரி சார்ஜ் போட்டே ஆக வேண்டும். நாயகன் தூங்கும்போது கைக்கு ஒரு பிளக் எழுதிவிடுங்கள்.

மூளையில் சிப் வைத்து 1,330 குறளையும் ஏற்றிவிடலாமா?

முடியாது. நினைவு ஓரிடத்தில் கோப்பாக உட்கார்ந்திருக்கவில்லை. மனப்பாடம் செய்யுங்கள்.

பொற்கைப் பாண்டியன் கதையை எதிர்காலத்தில் வைத்து எழுதுகிறேன். தங்கக் கை வேலை செய்யுமா?

நல்ல கேள்வி! இரவில் கதவைத் தட்டிய குற்றத்துக்குத் தன் கையையே வெட்டிக்கொண்டு பொன்கை வைத்துக்கொண்ட ராஜா. மணிக்கட்டுக்குக் கீழே கையின் கன அளவு சுமார் 400 மில்லி. தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம். வார்த்துச் செய்திருந்தால் ஏழரைக் கிலோவுக்கு மேல் வரும். ஒரு மில்லிமீட்டர் தகடாக அடித்திருந்தாலும் முக்கால் கிலோ போல ஆகும்.

நான் பொருத்தும் கை அரைக் கிலோதான். அதுவே கனக்கிறது என்பார்கள். சொந்தக் கை அதே எடை இருந்தாலும் கனப்பதில்லை, எலும்பில் தொங்குவதால். செயற்கைக் கை தோலில் தொங்குகிறது. வியர்த்தால் வழுக்கும், உரசும். டைட்டானியத் தண்டை எலும்பிலேயே ஊன்றும் முறை வந்திருக்கிறது. ஆனால் தண்டு வெளியே வரும் இடத்தில் தோல் முழுசாக மூடுவதில்லை, கிருமி எப்போதும் வாசலில் நிற்கும்.

என்னிடம் வரும் ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே கையைக் கழற்றி டிவி மேல் வைத்துவிடுவார். சபை கலைந்ததும் பாண்டியரும் அதைத்தான் செய்திருப்பார்.