கோலம் போடக் கூப்பிட்டால் முதலில் கூலியைக் கேளுங்கள்

தம்பி, டொராண்டோவில் மே மாத ஆசியப் பாரம்பரிய விழாவுக்கு உங்கள் மனைவியைக் கோலம் போடவும், அப்படியே இட்லிக் கடை வைக்கவும் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகட்டும். எவ்வளவு தருவார்கள் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு போகட்டும். "பணம் இல்லை, ஆனால் நாலு பேருக்குத் தெரியவரும்" என்பார்கள். நான் வந்த புதிதில் ஒரு சங்கத்துக்காரர்கள் இதையே சொல்லி, நாள் முழுக்கக் குனிய வைத்து, கடைசியில் ஒரு சமோசாவும் சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். எல்லாம் நம் ஆட்கள்தான், அதுதான் எரிச்சல். மைக் செட்டுக்குப் பணம் இருக்கும், கோலம் மட்டும் சேவையாம்!

இந்தக் கனடாவில் 1968லேயே ஜாக் சேம்பர்ஸ் என்ற ஓவியர் முன்னின்று 'கார்ஃபாக்' என்று கலைஞர்களுக்கு ஓர் அமைப்பு தொடங்கி, படத்தைக் காட்சிக்கு வைத்தாலே கட்டணம் தரவேண்டும் என்று போராடி வாங்கியிருக்கிறார்கள். எதற்கு எவ்வளவு என்று பட்டியலே போடுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஆசியர் என்றால் சீனர்தானே, நமக்குத்தான் ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் இருக்கிறதே என்று ஒதுங்குகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 2002ல் கனடா அரசு ஆசியப் பாரம்பரிய மாதமாக அறிவித்த இந்த மே, நமக்கும் சேர்த்துத்தான்.

இட்லிக் கடை இந்த வருஷம் வேண்டாம். சூடான பண்டம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது, குளிர்ந்தது 4 டிகிரிக்கு மேலே ஏறக்கூடாது என்பது இந்த ஒன்டாரியோ மாகாணத்து விதி. தேங்காய்ச் சட்னியை ஐஸில் உட்கார வைக்கவேண்டும், இட்லி ஆவியிலேயே கிடந்து சொதசொதவென்று ஆகிவிடும்.

அப்புறம், முடிந்தால் வேறு நாட்டுக்காரர் யாரோடாவது சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் காகிதம் வெட்டும் சீனத்து அம்மா ஒருவரோடு சேர்ந்து சிக்குக் கோலத்தைச் சிவப்புக் காகிதத்தில் வெட்டிப் பார்த்தோம். இழை ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் நின்றது, ஆனால் உள்ளே தனியாக இருக்கும் புள்ளி எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. காகிதத்தைத் தரையில் விரித்து, இடைவெளியில் நான் அரிசி மாவால் புள்ளி வைத்தேன். அதற்குக் கூலி பேசியதும் அந்த அம்மாதான். எனக்கு வாய் வரவில்லை, அவர் அரைகுறை ஆங்கிலத்தில் தொகையைச் சொல்லிவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். கொடுத்தார்கள், ஆளுக்குப் பாதி.