நேத்ராணியில் ஸ்கூபா, அன்றிரவே பெங்களூரு பஸ்: இடையில் காதும் மூட்டும் தப்புவது எப்படி?

கேள்வி: அல்சூரில் இருக்கிறோம். ஆபீஸ் நண்பர்களோடு நானும் மனைவியும் முருடேஸ்வர் போய் நேத்ராணி தீவில் ஸ்கூபா டைவ் பண்ணப் போகிறோம். வெள்ளி இரவு பஸ், சனிக்கிழமை இரண்டு டைவ், ஞாயிறு காலை இரண்டு டைவ், அன்று சாயங்காலமே பஸ் ஏறினால் திங்கள் ஆபீஸ் போய்விடலாம். போன வருஷம் கோவாவில் ஒரு தடவை இறங்கியபோது காது பயங்கரமாக வலித்தது, மேலே வந்த பிறகும் இரண்டு நாள் தண்ணீர் போய் அடைத்துக்கொண்ட மாதிரியே இருந்தது. எனக்கு சைனஸ் உண்டு. மனைவிக்கு சின்ன வயதில் வீசிங் இருந்தது. எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: கோவாவில் உங்கள் காதை அடைத்தது கடல் தண்ணீர் இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காது என்று ஒரு சின்ன அறை இருக்கிறது, அதில் இருப்பது வெறும் காற்று. நீங்கள் இறங்கும்போது வெளியே அழுத்தம் கூடுகிறது, உள்ளே கூடவில்லை. செவிப்பறை உள்பக்கமாக இழுபட்டு வலிக்கிறது. அப்படியும் விடாமல் இறங்கினால் அந்த அறையின் உள்தோலிலிருந்து நீரும் சில சமயம் ரத்தமும் கசிந்து தேங்கும். அதுதான் அந்த இரண்டு நாள் அடைப்பு. டைவிங் சீசனில் திங்கட்கிழமை காலை என் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் காதைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதே கதைதான். சுறாவுக்கும் ஜெல்லி மீனுக்கும் பயந்துகொண்டு போகிறார்கள், ஆனால் ஸ்கூபாவில் மிகச் சாதாரணமாக வரும் காயம் இந்தக் காதுக் காயம்.

இது ஏன் முதல் சில மீட்டரிலேயே நடக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கரையில் நம் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்கு, இருபதில் மூன்று மடங்கு. அதாவது முதல் பத்து மீட்டருக்குள் காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்கிவிடுகிறது, அடுத்த பத்து மீட்டரில் பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. ஆழம் போகப் போகத்தான் ஆபத்து என்று நினைப்போம், காதுக்கு அது தலைகீழ். நந்தி மலை உச்சியிலிருந்து பைக்கில் அடிவாரம் வரை இறங்கும்போது காது அடைத்துத் திறக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த முழு இறக்கத்திலும் கூடுகிற அழுத்தம், கடலில் சுமார் அரை மீட்டர் இறங்குவதற்குச் சமம், அவ்வளவுதான். மலையில் அதற்கு அரை மணி நேரம் கிடைக்கிறது. தண்ணீரில் ஓரிரு நொடியில் அதைத் தாண்டிவிடுவீர்கள்.

நடுக்காதுக்குக் காற்று போக ஒரே வழி, மூக்கின் பின்பக்கத்திலிருந்து வரும் யூஸ்டேஷியன் குழாய். சாதாரணமாக அது மூடியிருக்கும், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறக்கும். ஈக்வலைஸ் பண்ணாமல், அதாவது இந்தக் குழாய் வழியாகக் காற்றை அனுப்பி உள்ளேயும் அழுத்தத்தைச் சமமாக்காமல், ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இறங்கிவிட்டால் மூக்குப் பக்கம் இருக்கிற அதன் மெத்தென்ற முனை அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. அதனால் "காது வலித்ததும் மூக்கைப் பிடித்து ஊதுங்கள்" என்று படகில் அவசரமாகச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அது தாமதம். வலி வந்தாலே நீங்கள் ஏற்கெனவே லேட். வலி வருவதற்கு முன்பே, இன்னும் சொன்னால் தலை தண்ணீருக்கு மேலே இருக்கும்போதே, முதல் தடவை பண்ணிவிட வேண்டும்.

செய்முறை இப்படி. நங்கூரக் கயிறு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கால் கீழே, தலை மேலே இருக்கும்படி இறங்குங்கள். தலைகீழாக இறங்கினால் அந்தக் குழாயின் உள்தோலுக்கு ரத்தம் ஏறி இன்னும் அடைக்கும். இடது கை கயிற்றில், வலது கை விரல்கள் மாஸ்க்கின் மூக்குப் பகுதியில். அது மிருதுவான சிலிக்கான்தான், வெளியிலிருந்தே மூக்கை மூட முடியும். மெதுவாக ஊதுங்கள், இரண்டு காதிலும் "டிக்" என்று கேட்க வேண்டும். கயிற்றில் ஒரு கை நீளம் இறங்குவதற்குள் இன்னொரு தடவை. ஒரு காது திறக்கவில்லையா, அங்கேயே நில்லுங்கள். ஒரு மீட்டர் மேலே ஏறி, தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டே எச்சில் விழுங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் இறங்குங்கள். பலம் கொண்ட மட்டும் ஊதுவது மட்டும் கூடவே கூடாது. உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்தால் தலைசுற்றல், காதிரைச்சல், சில பேருக்கு நிரந்தரமான செவிக்குறைவு வரை போகும். மூன்று நாலு முயற்சியிலும் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு டைவ் இல்லை, அவ்வளவுதான். பணம் கட்டிவிட்டோமே என்று காதைப் பணயம் வைக்காதீர்கள்.

முதல் முறை டைவ் பண்ணுகிறவர்களை இன்ஸ்ட்ரக்டர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்து அவரே இறக்குவார். வேகம் அவர் கையில் இருக்கும். ஆகவே படகிலேயே சொல்லிவிடுங்கள், "எனக்குப் போன தடவை காது பிரச்சினை, மெதுவாக இறங்க வேண்டும்" என்று. கீழே பேச முடியாது, சைகைதான். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுக் காதைக் காட்டினால் "காதில் பிரச்சினை" என்று அர்த்தம். கட்டை விரலை உயர்த்தினால் "மேலே போகலாம்" என்று அர்த்தம், "சூப்பர்" என்று இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆள்காட்டி விரல் நுனியும் கட்டை விரலும் சேர்ந்த வட்டம். வலித்துக்கொண்டிருக்கும்போது, கூட வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அந்த வட்டத்தைக் காட்டுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லி செவிப்பறை அசைகிறதா என்று அவர் நேரிலேயே பார்த்துவிடுவார், ஐந்து நிமிஷ வேலை.

சைனஸ் விஷயம். தூசியாலும் மகரந்தத்தாலும் வருஷம் பூரா மூக்கடைப்பு என்பது நம் பெங்களூருவில் பாதிப் பேருக்கு இருக்கிறது, உங்களுடையதும் அந்த மாதிரி அலர்ஜி என்றால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை டைவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஆரம்பியுங்கள், அது முந்தின நாள் அடித்தால் வேலை செய்யாது. ஆனால் சளி பிடித்திருக்கும்போது, உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டு இறங்குவது வேறு விஷயம், அது ஆபத்து. மருந்தின் வேகம் கீழே இருக்கும்போது தீர்ந்தால், உள்ளே போன காற்று மேலே வரும்போது விரிந்து வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். இறங்கும்போது வலித்தால் நிறுத்திவிடலாம், ஏறும்போது வலித்தால் ஏறாமல் இருக்க முடியுமா? சளி இருந்தால் போகாதீர்கள், தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் வீசிங்கை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பயந்து ஒதுக்கவும் வேண்டாம். பல வருஷமாகத் தொந்தரவே இல்லை, மூச்சுப் பரிசோதனை நார்மல், ஓடினாலும் மாடிப்படி ஏறினாலும் இழுப்பு வரவில்லை என்றால் நுரையீரல் டாக்டர் பார்த்துவிட்டு அனுமதிக்கலாம். குளிர் பட்டாலோ உடற்பயிற்சி செய்தாலோ இப்போதும் இன்ஹேலர் தேவைப்படுகிறது என்றால் டைவ் வேண்டாம், அவர் மேலே மிதந்தபடி ஸ்நார்க்கல் பண்ணட்டும். சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் மாட்டிய காற்று, மேலே வரும்போது விரிந்து நுரையீரலைக் கிழிக்கும் என்பதுதான் காரணம். டைவ் கடையில் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா, காது ஆபரேஷன், இதய நோய், கர்ப்பம் எல்லாம் அதில் கேட்பார்கள், "ஆம்" என்றால் பெரும்பாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். காலை ஆறு மணிக்கு முருடேஸ்வரில் டாக்டரை எங்கே தேடுவது? அதனால்தான் பலர் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். படிவத்தை முன்கூட்டியே வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி இங்கேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

நுரையீரலுக்கு எல்லாருக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: மூச்சை அடக்காதீர்கள். பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காகும். நிறைந்த நுரையீரலோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மீட்டர் ஏறினாலே கிழிய வாய்ப்பு உண்டு, நீச்சல் குளமாக இருந்தாலும் இதே கணக்குதான். யாரும் வேண்டுமென்று அடக்குவதில்லை. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்ததும் பதறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்கிறார்கள். மாஸ்க்கில் தண்ணீர் வந்தால் மூக்கு வழியாக ஊதி வெளியேற்றுவதையும், வாயிலிருந்து ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) கழன்றால் எடுத்து மாட்டுவதையும் பெங்களூருவிலேயே ஒரு நீச்சல் குளத்தில் கைப்பழக்கம் ஆகும்வரை செய்து பார்த்துவிட்டுப் போனால் அந்தப் பதற்றம் பெரிதும் குறையும். ஏறும்போது நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம், ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.

இப்போது பஸ். நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் உங்கள் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் நைட்ரஜன் கரைகிறது, மேலே வந்த பிறகும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் அது குமிழாக மாறலாம். டைவ் முடிந்து விமானம் ஏறக்கூடாது என்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. டைவ் பண்ணுகிறவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை சுமார் 600 மீட்டருக்கு மேல் போவதற்கே பொருந்தும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஞாயிறு மதியம் படகிலிருந்து இறங்கி, சாயங்காலம் பஸ் ஏறினால் நள்ளிரவுக்குள் மலைப்பாதை ஏறி மேட்டு நிலத்தில் இருப்பீர்கள். 12 மீட்டருக்குள் சின்ன டைவ் என்றால் ஆபத்து குறைவுதான், ஆனால் குறைக்க இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது அதை ஏன் சுமக்க வேண்டும்? டைவ் எல்லாவற்றையும் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஞாயிறு கோயில், கடற்கரை, நல்ல மீன் சாப்பாடு, சாயங்காலம் பஸ். இல்லை, ஞாயிறும் இறங்கியே ஆக வேண்டும் என்றால் திங்கள் லீவு போட்டு, அந்த 18 மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.

டைவ் முடிந்து ஒரு நாளுக்குள் தோள், முழங்கால் போன்ற மூட்டுகளில் காரணமில்லாத வலி, கை கால் மரத்துப்போதல், தோலில் திட்டுத் திட்டாகச் சிவத்தல், வழக்கத்துக்கு மீறிய அசதி, தலைசுற்றல் வந்தால் "சிலிண்டர் தூக்கினேன், அதனால் இருக்கும்" என்று தூங்கப் போகாதீர்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், முதல் வாக்கியமாக "நான் ஸ்கூபா டைவ் பண்ணினேன்" என்று சொல்லுங்கள், மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கேளுங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அவசர உதவி எண்ணையும், அவர்கள் படகில் ஆக்சிஜன் கிட் இருக்கிறதா என்பதையும் புக் பண்ணும்போதே டைவ் கடையில் கேட்டு வையுங்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. தீவு கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர், படகு ஆடும், வாந்தி வருகிறவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை போடுங்கள், ஆனால் தூக்கம் வருகிறதா என்று வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். முந்தின இரவு பீர் வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். படகு ஏணியில் ஒருவர் ஏறும்போது அவருக்கு நேர் கீழே நிற்காதீர்கள், சிலிண்டரோடு தவறினால் உங்கள் தலையில்தான். எதையும் தொடாதீர்கள், பவளத்தையும்கூட. லயன் ஃபிஷ் என்ற விஷ முள் மீன் குத்தினால் காயத்தை 45 டிகிரி வரை சூடான, தோல் பொறுக்கும் தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி நன்றாகக் குறையும். சூட்டை முதலில் குத்துப்படாத கையால் பாருங்கள். பிறகு டாக்டரிடம் போங்கள். சாயங்காலம் காதை நல்ல தண்ணீரில் கழுவி, தலையைச் சாய்த்து வடியவிட்டுத் துண்டால் துடைத்தால் போதும். பட்ஸ் போடாதீர்கள், ஈரக் காதில் அது கீறின இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது.