வெளிநாட்டை விட நம்ம ஊரில் வைத்தியம் மலிவா?

"அமெரிக்கா, ஐரோப்பாவை விட இந்தியாவில் ஆஸ்பத்திரிச் செலவு ரொம்பக் குறைவு" என்கிறார்களே, உண்மையா என்பது கேள்வி.

பில்லில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்தால் உண்மைதான். அந்தப் பில்லை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் கதை வேறு. அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குக் கொட்டுகிறது, ஆனால் அங்கே நோயாளி நேரடியாகக் கையிலிருந்து கொடுப்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் (காப்பீட்டுப் பிரீமியம் கழுத்தை நெரிக்கும், அது தனி). நம் நாட்டில் அரசு, தனியார் எல்லாம் சேர்த்தே 4 சதவீதத்தைத் தொடவில்லை. 2021-22 கணக்குப்படி அதில் 39.4 சதவீதம் ஜனங்களின் கைக்காசு. 2013-14இல் 64.2 ஆக இருந்தது, அந்த மட்டும் பரவாயில்லை.

பிரிட்டனில் 1948 முதல் வைத்தியம் வரிப்பணத்தில் ஓடுகிறது. அட்வான்ஸ் கேட்க மாட்டார்கள், ஆனால் மூட்டு ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கணும். ஜெர்மனியில் 1883இலேயே மருத்துவக் காப்பீட்டுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கிவிட்டது, முதலாளியும் ஒரு பங்கு போடணும்.

இந்த இரண்டு வழியும் நெல்லையிலேயே உண்டு. ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வரிப்பணம். முக்கூடலில் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்த மாதிரி ஆஸ்பத்திரிகளுக்கு பீடி மேல் போட்ட செஸ் (தனி வரி)தான் பணமாக இருந்தது, கிட்டத்தட்ட ஜெர்மனி வழி. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் செஸ் போய்விட்டது, இப்போது டெல்லி பட்ஜெட்டில் ஒதுக்குவதுதான். பீடி சுற்றுகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு என்பது என் எண்ணம்: தனக்கென்று இருந்த உண்டியல், இப்போது கேட்டு வாங்குகிற காசு.

மூன்றாவது வழி, அதாவது கைக்காசு, நமக்கு நன்றாகவே தெரியும். சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டினால், "அப்ரூவல் வரட்டும், இப்போதைக்கு அட்வான்ஸ் கட்டிருங்க" என்றார்கள். சித்தியின் வளையல் அன்று சாயங்காலமே அடகுக்கடைக்குப் போனது.

அப்புறம் ஒன்று, அரசு ஆஸ்பத்திரியில்தான் எல்லாம் இலவசமாச்சே, அட்டை எதுக்கு என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்த அட்டையில் சிகிச்சை பதிவானால் காப்பீட்டுப் பணம் அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே வரும், கருவி வாங்க, வசதி செய்ய அது உதவும். ரேஷன் கார்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போங்கள்.