மருத்துவமனையில் தியானப் பயிற்சி: நோயாளிக்கும் நர்ஸுக்கும் உண்மையில் பலன் உண்டா?

நாள்பட்ட வலி உள்ள நோயாளிகளுக்கும், வேலைச் சுமையில் தவிக்கும் நர்ஸுகளுக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி (இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் தியானம்) தருகிறார்களே, அதில் நிஜமாகவே பலன் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 14 வருடமாக நர்ஸ். அதற்கான எட்டு வார வகுப்பை ஒரு முறை முழுதாக முடித்திருக்கிறேன். பலன் உண்டு என்றுதான் சொல்வேன். ஆனால் பலரும் எதிர்பார்க்கிற மாதிரியான பலன் இல்லை.

வலியிலிருந்து தொடங்குகிறேன், இந்தப் பயிற்சி பிறந்ததே அங்கேதான். 1979ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் இதைத் தொடங்கினார். வழக்கமான சிகிச்சையில் வலி தீராதவர்களை டாக்டர்கள் அவரிடம் அனுப்பினார்கள். வாரம் ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம். எட்டு வாரத்துக்கு நடுவே ஒரு நாள் முழுக்க மௌனப் பயிற்சி. வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம். படுத்துக்கொண்டு கால் விரலில் தொடங்கித் தலை வரை உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனிப்பது, உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது, மெல்லிய யோகா, மெதுவான நடை, இவைதான் பாடம். எம்.பி.எஸ்.ஆர்., அதாவது மைண்ட்ஃபுல்னெஸ் வழியாக மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி என்று சொல்வது இதைத்தான்.

வலியில் துடிப்பவரிடம் போய் "வலியைக் கவனியுங்கள்" என்பதா? எனக்கே முதலில் அது கொடுமையாகப் பட்டது. அப்புறம் ஒரு நோயாளி மூலமாகத்தான் புரிந்தது. காலில் ஆறாத புண் உள்ள அம்மா அவர். டிரெஸ்ஸிங் டிராலி உருண்டு வரும் சத்தம் கேட்டாலே தோள் இறுகிவிடும், பல்லைக் கடித்துக்கொள்வார். நான் புண்ணின் கட்டைத் தொட்டிருக்கக்கூட மாட்டேன். அப்போதே பாதி அவஸ்தை தொடங்கிவிடும். புண்ணில் வருவது ஒரு வலி. "ஐயோ, வரப்போகிறதே, இது என்றைக்குத் தீரும்" என்ற பதற்றமும், அதில் உடம்பு விறைப்பதும் அதன்மேல் ஏறி உட்காரும் இன்னொரு பாரம். முதலாவதற்கு மருந்து இருக்கிறது. பயிற்சி தளர்த்துவது இரண்டாவதை.

வலி மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, தாடை எப்படி இருக்கிறது, தோள் எப்படி இருக்கிறது, பாதத்தில் போர்வை படுவது தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தேன். நாலைந்து நாள் கழித்து அவரே சொன்னார்: "வலி இருக்கு சிஸ்டர். ஆனா முன்ன மாதிரி பதறல." இதைவிடச் சரியான விளக்கத்தை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. 2016ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 342 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். 26 வாரம் கழித்துப் பார்த்தபோது, எம்.பி.எஸ்.ஆர். குழுவில் சுமார் 60 சதவீதம் பேருக்கு அன்றாட வேலைகளைச் செய்வதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 44 சதவீதம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் சிபிடி சிகிச்சைக்குப் போனவர்களில் 58 சதவீதம். ஆக, தியானம்தான் ஒரே வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று. இது வீட்டிலிருந்து வந்துபோகும் நோயாளிகளுக்காக உருவான பயிற்சி. மூன்று நாள் அட்மிஷனில் இருப்பவருக்கு எட்டு வாரப் பாடம் எப்படிப் பொருந்தும்? வார்டில் நம்மால் முடிவது பத்து நிமிட உடல் கவனிப்பு, அவ்வளவுதான். அதையும் ஆள் பார்த்துத்தான் செய்ய வேண்டும். மூச்சுத் திணறல் உள்ளவரிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னால் பயம் கூடலாம். அவர் பாதத்தையோ அறைச் சத்தத்தையோ கவனிக்கட்டும். பழைய அதிர்ச்சிகளைச் சுமப்பவருக்குக் கண்ணை மூடி உடம்புக்குள் போவதே கலக்கமாக இருக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், புதிதாக வந்த வலியைத் தியானத்தால் சமாளிக்கச் சொல்லக் கூடாது. முதலில் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

சரி, நர்ஸுகள் விஷயத்துக்கு வருகிறேன். நைட் டூட்டி முடிந்து படுத்தாலும் மானிட்டர் அலாரம் காதில் அடித்துக்கொண்டே இருந்த காலம் எனக்கு உண்டு. அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரில் எதையாவது சொல்லாமல் விட்டுவிட்டேனோ என்று பாதி வழியில் திரும்பிப் போயிருக்கிறேன். அந்த நிலையில் தினமும் முக்கால் மணி நேரம் உட்காரு என்றால் யாரால் முடியும்? வகுப்பு முடிந்த பிறகும் என்னிடம் தங்கியது ஒரே ஒரு பழக்கம்தான். ஒவ்வொரு நோயாளியிடமும் போவதற்கு முன்னும் பின்னும் கிருமி போக்கக் கையில் ஹேண்ட் ரப் திரவம் தேய்க்கிறோம் இல்லையா? உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சொல்லும் நேரம் 20 முதல் 30 விநாடி. அந்த விநாடிகளில் வேறு எதையும் நினைக்காமல் திரவத்தின் குளிர்ச்சி, விரல் இடுக்குகள், தரையில் பதிந்த கால், இவற்றை மட்டும் கவனிப்பேன். முந்தைய கட்டிலின் கோபத்தை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோவது குறைந்தது. தூக்கமும் மெல்ல மெல்லச் சீரானது. ஹேண்ட் ரப்பும் சரியாக முழு நேரம் தேய்ப்பதாயிற்று!

ஆனால் ஒரு நர்ஸ் பத்துப் பேரைப் பார்க்க வேண்டிய இடத்தில் இருபது பேரைப் பார்த்தால், அந்தக் களைப்புக்குத் தியானம் மருந்து ஆகாது. வேலையால் ஆளே ஓய்ந்துபோகும் நிலையான பர்ன்-அவுட்டை 2019ல் உலக சுகாதார நிறுவனம் விவரித்தபோது, அதை ஒரு நோயாகச் சொல்லவில்லை. சமாளிக்கப்படாத நாள்பட்ட பணியிட மன அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. பணியிடத்தில் உண்டாகும் ஒன்றை நர்ஸின் மனக்குறையாக மாற்றிவிட்டு, "தியானம் பண்ணு, சரியாகிவிடும்" என்று சொல்லும் நிர்வாகத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இந்த வகுப்பையே டூட்டி முடிந்த பிறகு வைத்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அப்போது தேவைப்பட்டதும் தூக்கம்தான்.

உங்கள் மருத்துவமனையில் இதைத் தொடங்கும் எண்ணம் இருந்தால், வகுப்பை டூட்டி நேரத்துக்குள் வையுங்கள். அந்த நேரத்தில் வார்டைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் போடுங்கள். வருவதும் வராததும் அவரவர் விருப்பமாக இருக்கட்டும்.