சித்தப்பா காசில்லாமல் படித்த ஆங்கிலம் உங்களுக்கு ஏன் காசு?

கேள்வி: எனக்கு வயது 20, உரும்பிராய். ஏ.எல். வணிகப் பிரிவில் எடுத்தேன், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் காணவில்லை. பொது ஆங்கிலத்தில் எஸ், சாதாரண சித்திதான். கலிபோர்னியாவில் இருக்கும் சித்தப்பா, "வீட்டுக்குப் பக்கத்திலேயே கொம்யூனிற்றி கொலிஜ் இருக்கு, நான் அங்கதான் ஒரு சதமும் குடுக்காமல் இங்கிலீஷ் படிச்சனான், நீயும் வந்து முதல் இங்கிலீஷ் படி, பிறகு டிகிரி செய்யலாம்" என்கிறார். ரவுணில் ஒரு ஏஜென்சிக்காரர் ஐயெல்ட்ஸ் தேவையில்லை, வீசா நிச்சயம் என்கிறார். ஆங்கிலம் படிக்க என்று மட்டும் வீசா தருவார்களா? படிக்கும்போது சித்தப்பாவின் கடையில் நிற்கலாமா?

பதில்:

உங்கள் சித்தப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் நுழைந்த வாசல் வேறு, நீங்கள் நுழையப் போகும் வாசல் வேறு.

அவர் போனது அநேகமாகக் குடியேற்ற வீசாவில், அல்லது அகதியாக. அங்கே நிரந்தரமாக வாழ வந்தவர்களுக்கு அரச செலவில் ஆங்கில வகுப்பு நடக்கிறது. சில இடங்களில் அடல்ட் ஸ்கூலில், சில இடங்களில் கொம்யூனிற்றி கொலிஜ் என்கிற இரண்டு வருட அரச கல்லூரியின் உள்ளேயே. பகல் முழுக்க வேலை செய்துவிட்டுப் பின்னேரம் போய் இருக்கலாம், காசு இல்லை, பரீட்சை இல்லை, வராவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் போவது எஃப்-1 என்ற மாணவர் வீசாவில். அரச பணத்தில் நடக்கும் இந்த வளர்ந்தோர் கல்வியில் எஃப்-1 மாணவர் சேர அமெரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. சுற்றுலா வீசாவில் போய் அங்கே படிப்பில் சேரலாமே என்று யாராவது சொன்னால், அதுவும் சட்டத்துக்கு மாறானது.

அப்படியென்றால் கட்டணம் எவ்வளவு? கலிபோர்னியாவில் 116 கொம்யூனிற்றி கொலிஜ்கள் இருக்கின்றன. அந்த மாநிலத்தில் வாழ்கிற பிள்ளை ஒரு யூனிற்றுக்கு, அதாவது பாட அளவின் ஓர் அலகுக்கு, 46 டொலர் கட்டுகிறது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதே யூனிற் கொலிஜைப் பொறுத்து சுமார் 350 முதல் 450 டொலர் வரை. வீசா செல்லுபடியாக இருக்க, செமஸ்ரர் என்ற அரையாண்டுத் தவணைக்குக் குறைந்தது 12 யூனிற் எடுக்க வேண்டும். 400 டொலர் என்று பிடித்தால் ஒரு செமஸ்ரருக்கு 4,800 டொலர். டொலர் 300 ரூபா என்றால் 14 இலட்சத்து 40 ஆயிரம். இது படிப்புக் கட்டணம் மட்டும். மருத்துவக் காப்புறுதி, புத்தகம், பஸ் எல்லாம் தனி. தங்குமிடமும் சாப்பாடும் சித்தப்பா வீட்டில் என்பது உங்களுக்குப் பெரிய நிம்மதி. அதைக் கடிதமாக எழுதித் தந்தால், செலவுக்கு இருக்கிறது என்று நீங்கள் காட்ட வேண்டிய பணத்தில் அந்தப் பகுதியைப் பல கொலிஜ்கள் குறைத்துவிடும்.

கணக்கை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொலிஜில் ஆங்கிலம் ஒரே வகுப்பு இல்லை, படிகள். நுழையும்போது உங்கள் ஆங்கிலத்தைத் தரம் பார்ப்பார்கள், சில கொலிஜ்களில் அதற்குத் தரப்படுத்தல் தேர்வே வைப்பார்கள். அதைப் பார்த்து ஏதோ ஒரு படியில் இருத்துவார்கள். அங்கிருந்து மேலே ஏறி, எல்லா மாணவரும் எடுக்கிற முதலாம் ஆண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடத்துக்கு வரவேண்டும். பொது ஆங்கிலத்தில் எஸ் எடுத்த பிள்ளைக்கும் அந்தப் பாடத்துக்கும் இடையில் மூன்று நான்கு படிகள் இருப்பது புதினமில்லை. ஒரு படி என்றால் பெரும்பாலும் ஒரு செமஸ்ரர். கீழ்ப்படிகளில் எடுக்கிற யூனிற்றுகள் பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது பெரும்பாலும் கணக்கில் வராது. அதாவது கிட்டத்தட்ட 30 இலட்சம் கட்டி ஒரு வருடம் படித்த பிறகும் டிகிரிக் கணக்கு பூச்சியத்தில் நிற்கலாம்.

ஆகவே என் ஆலோசனை ஒன்றுதான்: அந்தப் படிகளில் எத்தனையை யாழ்ப்பாணத்தில் இருந்தே ஏற முடியுமோ அத்தனையையும் ஏறிவிட்டுப் போங்கள். இங்கே ஆறு மாதம் ஒழுங்காகப் படிக்கிற செலவு அங்கே ஒரு செமஸ்ரருக்குக் கிட்டவும் வராது.

தென்மராட்சியில் இருந்து போன பையன் ஒருவனை எனக்குத் தெரியும். விமானத்தால் இறங்கி இரண்டாம் நாள் காலை தரப்படுத்தல் தேர்வு. கோடை காலத்தில் எங்களுக்கும் கலிபோர்னியாவுக்கும் பன்னிரண்டரை மணித்தியால வித்தியாசம். அவனுடைய உடம்புக்கு அது நடுச்சாமம். கணினியில் வாசித்து விடை தெரிவு செய்யும் தேர்வு. அரைவாசியில் கண் மூடிவிட்டது. அவனுக்குத் தகுந்த படியிலும் இரண்டு படி கீழே போட்டார்கள். மறுபடி எழுதக் கேட்கலாம் என்பது அவனுக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். அந்த ஒரு காலை நேரத்துக்கு அவன் வீட்டார் கட்டியது இரண்டு செமஸ்ரர் காசு. தேர்வை இங்கிருந்தே இணையத்தில் எழுத விடுவார்களா, ஐயெல்ட்ஸ் அல்லது டோஃபல் புள்ளியைக் காட்டினால் மேற்படியில் இருத்துவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். "ஐயெல்ட்ஸ் தேவையில்லை" என்று ஏஜென்சிக்காரர் சொல்வது பல கொலிஜ்களைப் பொறுத்தவரை உண்மைதான். தேவையில்லை என்பதற்காக எழுதாமல் விட்டால், கீழ்ப்படியில் இருந்து தொடங்குவதற்கு நீங்களே ஒத்துக்கொள்வதாக ஆகிவிடும்.

இனி வீசா. ஆங்கிலம் மட்டும் படிக்கவும் எஃப்-1 கொடுக்கிறார்கள், சட்டத்தில் தடையில்லை. ஆனால் உங்களைச் சேர்த்துக்கொண்டதாகக் கொலிஜ் அனுப்பும் ஐ-20 என்ற பத்திரம் வந்ததும் அதில் இரண்டு இடத்தை விரல் வைத்து வாசியுங்கள். ஒன்று, கல்வி நிலை. அதில் 'லாங்குவேஜ் ட்ரெயினிங்' என்று இருந்தால் நீங்கள் மொழி மாணவர் மட்டும்தான். வாரத்துக்குக் குறைந்தது 18 மணித்தியாலம் வகுப்பில் நேரில் இருக்க வேண்டும், ஒன்லைன் வகுப்பு அந்தக் கணக்கில் சேராது. படித்து முடித்து அனுபவத்துக்காக ஒரு வருடம் வரை வேலை செய்யலாம் என்று சொல்கிறார்களே, அந்தச் சலுகையும் மொழி மாணவருக்கு இல்லை. 'அசோசியேற்' என்று இருந்தால் நீங்கள் இரண்டு வருடப் பட்டத்துக்குப் பதிவானவர். ஆங்கிலப் படிகள் அந்தப் படிப்பின் முன்பகுதியாக வரும். பல கொலிஜ்கள் இந்த இரண்டாவது வகையைத் தருகின்றன. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் தேடுவேன்.

இரண்டாவது இடம், ஆங்கிலத் திறன் பற்றிய வரி. தேவையான ஆங்கிலம் உண்டு என்றோ, இன்னும் இல்லை, கொலிஜே படிப்பிக்கும் என்றோ அதில் எழுதியிருக்கும். இல்லை என்று எழுதியிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொழும்பில் அமெரிக்கத் தூதரக நேர்முகத்துக்குப் போய், பாடமாக்கிய நான்கு வசனத்தைக் கடகடவென்று ஒப்புவித்துப் பெரிய இங்கிலீஷ்காரி போல நடிக்கவேண்டாம். பத்திரம் ஒன்று சொல்ல வாய் இன்னொன்று சொன்னால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். மெதுவாக, உங்களுக்குத் தெரிந்த சொற்களால் பதில் சொன்னால் போதும்.

அந்த அதிகாரி பார்ப்பது முக்கியமாக வேறொன்று. படிப்பு முடிந்து திரும்பி வருவீர்களா என்பது. சட்டத்தில் 214(பி) என்ற பிரிவு இருக்கிறது. திரும்பி வரமாட்டார் என்று பட்டால் அதன் கீழ்தான் மறுப்பார்கள். சித்தப்பா அங்கே இருப்பதை மறைக்கக் கூடாது. யார் செலவு செய்கிறார் என்று கேட்கும்போது அவருடைய வங்கிக் கூற்றும் வருமான வரிப் படிவமும்தானே காட்டப் போகிறீர்கள். ஆனால் "ஏன் இங்கிலீஷ் படிக்க அமெரிக்கா வரை போகிறாய், யாழ்ப்பாணத்தில் படிக்க முடியாதா?" என்று கேட்டால் உங்களிடம் ஒரு பதில் இருக்கவேண்டும். வணிகம் எடுத்தீர்கள். கணக்கியலில் அசோசியேற், பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்கு மாறுவது, திரும்பி வந்து என்ன செய்வது என்று ஒரு நேர்கோடு இருந்தால் ஆங்கிலம் அதன் முதல் துண்டாக விளங்கும். "இங்கிலீஷ் படிக்கப் போறன், பிறகு பார்ப்பம்" என்பது விளங்காது. இங்கே ஆங்கிலத்துக்கு ஒரு சான்றிதழ் எடுத்துவிட்டுப் போகிறவரிடம் அந்தக் கேள்வியின் வேகமும் குறைந்துவிடும்.

கட்டணங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலர், வீசா விண்ணப்பம் 185 டொலர். இவை கூடக்கூடும், கட்டும் நாளில் தூதரகத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். இரண்டும் ஐ-20 கையில் வந்த பிறகு கட்ட வேண்டியவை. அதற்கு முன் யாரும் வாங்கினால் ஏன் என்று கேளுங்கள். 2025 ஜூனில் இருந்து மாணவர் வீசாக்காரர் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

கடைக்கு வருவோம். நிற்க முடியாது. தனி அனுமதி இல்லாத எஃப்-1 மாணவர் படிக்கும் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வரை கொலிஜ் வளாகத்துக்குள் மட்டும் வேலை செய்யலாம். சொந்தக்காரரின் கடை, கையில் காசு, "சும்மா உதவிக்கு நிக்கிறாள்" எல்லாம் வீசாவை இழக்க வைக்கிற வேலைகள். சித்தப்பா கோபிப்பார் என்றால் இப்போதே கோபிக்கட்டும்.

ஏஜென்சிக்காரரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வீசா நிச்சயம் என்று தூதரகத்தைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. கொலிஜின் இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் கொழும்பில் அமெரிக்க–இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் எடியுகேஷன் யூஎஸ்ஏ என்ற அமெரிக்க அரசின் கல்வி ஆலோசனைச் சேவையின் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கொலிஜுக்கும் ஆள் பிடிப்பவர்கள் இல்லை.

சரி, இங்கே எதைப் படிப்பது? ரியூசனில் கட்டுரையைப் பாடமாக்குகிற பழக்கத்தை முதலில் விடவேண்டும். அங்கே பாடமாக்கிய பந்தியை எழுதினால் களவு என்று எடுத்துக்கொள்வார்கள், பூச்சியம் போடுவார்கள். தினமும் ஒரு பந்தி, அன்று நடந்ததை, கையால் எழுதுங்கள். எழுதி முடித்தபின் பெயர்ச்சொற்களை மட்டும் தேடி வட்டம் போடுங்கள். "ஐ வென்ற் ரு லைப்ரரி" என்று, லைப்ரரிக்கு முன்னால் 'எ' என்றோ 'த' என்றோ வராமல் இருக்கும். தமிழில் "நூலகத்துக்குப் போனேன்" என்றாலே பேச்சின் போக்கில் எந்த நூலகம் என்பது விளங்கிவிடும். ஆங்கிலமோ "எது? ஒன்றா, அந்த ஒன்றா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் புள்ளி இழக்கிற இடங்களில் இது முதன்மையானது, இதற்கு ஆசிரியர்கூட வேண்டியதில்லை.

கேட்பதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நாங்கள் ரொறன்ரோ, ரீச்சர், ரீவி என்று எழுதுவதைப் பார்த்துத் தமிழ்நாட்டார் சிரிப்பார்கள். ஆனால் ஆங்கிலேயர் நாக்கை வைக்கும் இடம் 'ட' இல்லை என்பதை எங்கள் காது கண்டுபிடித்ததால் வந்த எழுத்து அது. அமெரிக்கர் தண்ணீருக்கு உரிய ஆங்கிலச் சொல்லைச் சொல்லும்போது 'வாரர்' என்றே காதில் விழும். நீங்கள் இரண்டு கிழமையில் பழகிவிடுவீர்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கியபோதும் எங்கள் ஆட்களுக்கு இது இப்படித்தான் கேட்டதோ என்னவோ. பேசுவதுதான் கஷ்டம். அதற்குக் கொக்குவிலில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகப் பிராந்திய நிலையத்தில் ஆங்கிலச் சான்றிதழ் வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று விசாரியுங்கள். போன பிறகும் வீட்டில் முழு நேரமும் தமிழ்தான் என்றால் வாய் திறக்காது. வகுப்பில் வியட்நாம், மெக்சிக்கோப் பிள்ளைகளுடன் சாப்பிட உட்காருங்கள், உங்களுக்குள் பொதுவான மொழி ஆங்கிலம் ஒன்றுதான் இருக்கும்.

இந்தக் கிழமை செய்யவேண்டியது ஒன்று. சித்தப்பாவை அந்தக் கொலிஜுக்கு அனுப்பி நான்கு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: ஆங்கிலத்தில் எத்தனை படி, பெறாமகள் யாழ்ப்பாணத்தில் இருந்தே தரப்படுத்தல் எழுதலாமா, ஐ-20 மொழிக்கா அசோசியேற்றுக்கா, எந்தப் படியில் இருந்து யூனிற் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும். ஓகஸ்ட் கடைசியில் தொடங்கும் தவணைக்கு விண்ணப்ப முடிவு திகதி மாதக்கணக்கில் முன்னாலேயே போய்விடும், அதையும் கேட்கட்டும். அவர் பழக்க தோஷத்தில் தான் அப்போது படித்த கட்டடத்துக்குள் போய்விடுவார். இன்ரர்நாஷனல் ஸ்ரூடன்ற் ஒபிஸ் எங்கே என்று வாசலில் கேட்டுப் போகச் சொல்லுங்கள்.